தாய் இருக்கிற பிள்ளை

யோசிச்சுச் சொல்லும்மா என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டான். யோசிக்கிறதுக்கு என்ன இருக்கிறது இதில். பெற்றவள் குத்துக்கல்லாட்டம் வாசலில் நிற்கும்போது, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொள்ளி வைக்கட்டுமா என்று ஒருவன் கேட்டால் அதற்கு யோசனை வேறு வேண்டுமா. ஆனால் அவன் கேட்ட விதம் இருக்கிறதே, சட்டையில்லாத தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, "நீ வேணாம்னா வைக்கலைம்மா. தத்தனேரி சுடுகாட்டுக்குப் போயி அங்க உள்ள வேலையெல்லாம் முடியட்டும், கூப்பிடுறேன். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு" என்று. சின்ன வயசில் சினிமாவுக்குப் போகட்டுமா என்று கேட்பானே, அதே குரல். அப்போதெல்லாம் டிக்கெட்டைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கேட்பான். இப்போது மட்டும் என்ன, எல்லாம் பேசி முடித்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் வைத்தே பேசி முடித்திருப்பார்கள். எனக்கு யாருடா இருக்கா சொக்கு, நீதானே என்று அந்தக் கட்டிலில் கிடந்தபடி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருப்பாள். இவனும் சரி தெய்வானைம்மா என்று கண்ணைத் துடைத்திருப்பான். அம்மா என்பான் அவளை. பேரைச் சொல்லி அம்மா என்பான். என்னை வெறும் அம்மா என்பான். வெறும் அம்மா பெரிசா, பேர் வைத்த அம்மா பெரிசா என்று அப்போதெல்லாம் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். மீனாட்சி, தாயே, இன்னும் அவள் படுத்திருந்த இடத்தில் ஈரம்கூடப் படவில்லை, செத்தவளைப் பற்றி இப்படியா நினைப்பது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எதிர் வீட்டுச் சீனியம்மா மதினி பார்த்துவிட்டாள்.

பார்க்காமல் இருப்பாளா. இந்தக் காம்பவுண்டில் ஒரே கேட்டு, உள்ளே எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் ஒரு குழாய். யார் வீட்டில் எண்ணெய் காய்ந்தாலும் எல்லார் மூக்குக்கும் தெரியும். தெய்வானையக்கா வீடும் என் வீடும் ஒரே சுவர். வண்டி போனதும் தெருவில் சிந்திய பூவைக் கூட்டி அள்ளிவிட்டு, வீட்டைக் கழுவ நாங்கள் மூன்று பேர்தான் நின்றோம்: நான், சீனியம்மா மதினி, திருப்பூரில் இருந்து வந்த தெய்வானையக்கா மகள் இந்திராணி. எடுத்த வீட்டைக் கழுவிவிட்டு, குளித்து, தலைமாட்டு இடத்தில் விளக்கேற்றி வைக்க வேண்டும். ஆம்பளைகள் வந்து அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் அவரவர் வீட்டுக்குப் போவார்கள். செல்லை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினேன். "பஞ்சு, என்ன கேட்டான் ஒம் மகன்?" என்றாள் மதினி. ஒண்ணுமில்ல மதினி என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்பிடிக் கெடக்கு. வைக்கட்டுமான்னு கேட்டான், அதானே? காம்பவுண்டே பேசி முடிச்சிருச்சு, நீதான் கடைசி." நான் தண்ணீரை ஊற்றினேன். "வேணாம்னு சொல்லிப்புடு ஆத்தா. தாய் இருக்கிற பிள்ளை இன்னொருத்திக்குத் தாயின்னு நெருப்பு வச்சா, பெத்தவளுக்கு ஆகாது. எங்க ஊருல ஒருத்தன் இப்பிடித்தான் வச்சான். வருசம் திரும்பல." மதினி ஊரில் ஒருத்தன் இருக்கிறான். உலகத்தில் என்னென்ன கெட்டது உண்டோ எல்லாம் அவனுக்கு நடந்திருக்கிறது. இடி விழுந்திருக்கிறது, பாம்பு கடித்திருக்கிறது, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போய்க் கிணற்றில் விழுந்திருக்கிறான். இந்திராணிகூட, அவள் அம்மா போன துக்கத்திலும், லேசாக உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் எனக்கு அடிவயிறு ஜில்லென்று ஆகிவிட்டது. கேலிதான், தெரியும். தெரிந்தாலும் ஜில்லென்றுதான் ஆகிறது.

வேறு ஆள் இல்லையா என்றால், இல்லை. அக்காவுக்குப் புருசன் முன்னாலேயே போய்விட்டார், ஆம்பளைப் பிள்ளை கிடையாது. இந்திராணி வீட்டுக்காரர் ஆட்களில் மருமகன் கொள்ளி வைக்கிற வழக்கம் இல்லையாம். கொழுந்தன் மகன் துபாயில். ஆளே இல்லாமல் போகிறாளே என்று பார்த்தால், ஊரெல்லாம் அவளுக்குப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டால் இந்தக் காம்பவுண்டுப் பிள்ளைகளின் பை முதலில் விழுகிற இடம் அவள் வீடுதான். அவள் வீட்டுக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை, ஒரு சேலைத்துணித் திரை மட்டும் தொங்கும். கல்யாணமாகி டிரங்குப் பெட்டியோடு நான் வந்து இறங்கிய அன்றைக்கு அந்தத் திரையை ஒதுக்கிக்கொண்டு வந்தவள்தான். "வாடிம்மா, வா. அந்த வீட்டு அடுப்பு புகையும், புதுப்பொண்ணு கண்ணைக் கசக்கிக்கிட்டு நின்னா ஊரு தப்பா நெனைக்கும். இன்னிக்கு இங்கனயே ஆக்கிக்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர்கள் ஆட்கள் வேறு, எங்கள் ஆட்கள் வேறு. காம்பவுண்டில் அந்த நினைப்பு கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் வரும். அந்தக் கை சூடாக இருந்தது. இப்போதும் அந்தச் சூடு ஞாபகம் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் குளிப்பாட்டும்போது அதே கையைத் தொட்டேன், ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த கை. இதற்குள் என்ன இருந்தது என்று நினைத்தேன். தொட்டுக்கொண்டே அப்படித்தான் நினைத்தேன். ஒருத்தி எதற்காக இப்படி எல்லாரையும் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எதையாவது வேண்டித்தானே ஒரு கை நீளும். நான் சாமியிடம் நீட்டுகிற கையே எதையாவது வேண்டித்தான் நீளுகிறது. இவள் மட்டும் என்ன, சாமியை விடப் பெரிய ஆளா.

தோசைதான் சுடுவாள். வேறு என்ன பெரிய விருந்து. என் வீட்டிலும் அதே ரேஷன் அரிசி, அதே உளுந்து, சில நாள் அவள் ஆட்டுக்கல்லிலேயே ஆட்டிய மாவு. சொக்கு என் தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். திரைக்கு அந்தப் பக்கம் போனால் தின்றுகொண்டே இருப்பான். அங்க ருசியா இருக்கும்மா என்பான், என் முகத்தைப் பார்த்தே சொல்லுவான், பிள்ளைக்குச் சூதுவாது தெரியாது. அப்போதுதான் சீனியம்மா மதினி குழாயடியில் என் காதில் ஓதினாள். பஞ்சு, பிள்ளைக்கு மருந்து வச்சிருக்கா. சோற்றில் வைத்துவிடுவார்களாம். வயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். தின்றவன் வைத்தவள் பின்னாலேயே சுற்றுவானாம், பெற்றவளைக் கண்டால் பிடிக்காமல் போகுமாம். எங்க ஊருல ஒருத்தன் என்று அன்றைக்கும் ஆரம்பித்தாள். நான் விளக்கேற்றி வைத்துக்கொண்டு அழுதேன். அழுதுவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் மருந்து எடுக்கிறவர் ஒருத்தரிடம் போனேன். பிள்ளையைப் படுக்க வைத்து, வயிற்றைத் தடவி, தொப்புளில் ஒரு சின்னக் குழலை வைத்து உறிஞ்சி, வெற்றிலையில் துப்பினார். கறுப்பாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசாக, ஒன்று விழுந்தது. பார்த்தியாம்மா என்றார். பார்த்தேன். கண்ணாலே பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது சொக்கு சொல்கிறான், "அம்மா, அது மொதல்லயே அவரு வாயிலதான் இருந்துச்சு. நாக்குக்கு அடியில. நான் படுத்துக்கிட்டே பாத்தேன்." வாயை மூடுடா, சாமி குத்தம் என்றேன். அன்று சாயங்காலமே திரைக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஒரே சுவர்தானே, எனக்குக் கேட்கிறது. அவள் சிரிக்கிறாள். கொஞ்சநஞ்சம் சிரிப்பில்லை, மூச்சு முட்டச் சிரிக்கிறாள். "வயித்தைக் கழுவி அனுப்பிச்சிட்டாளா ஒங்கம்மா? அப்பச் சரி, ரெண்டு தோசை சேத்து எறங்கும். ஒக்காரு."

கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் சரியாகச் செரிக்காத இடம். இந்தத் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த இடத்துக்கு வந்தால் விளக்குமாறு நின்றுவிடுகிறது. ஏன் கோபப்படவில்லை. ஒரு பாவமும் அறியாதவளாக இருந்தால், என்னைப் பார்த்தா இப்படிச் சொன்னே என்று தலைமுடியைப் பிடித்திருக்க வேண்டாமா. நானாக இருந்தால் நடு முற்றத்தில் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். மறுநாள் குழாயடியில், "பஞ்சு, பிள்ளைக்கு வயிறு சரியில்லையாமே, மோர் குடு" என்றாள். அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே சொன்னாள். செய்தவளுக்குத்தானே அப்படிப் பொறுமை வரும். மாட்டிக்கொண்டவள்தானே சிரித்து மழுப்புவாள். இல்லை, அவள் எப்போதும் சிரிக்கிறவள்தான். எப்போதும் சிரிக்கிறவளை என்னவென்று நம்புவது. என் மகள் மங்கையும் அங்கேதான் தின்று வளர்ந்தாள், அவளுக்கு மருந்து வைத்திருப்பாளோ என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை. இதை நான் சாமி முன்னால்கூடக் கேட்டுப் பார்த்ததில்லை. "சித்தி, அந்த மூலை ஆயிருச்சு, நீங்க தேச்ச எடத்தையே தேச்சுக்கிட்டு இருக்கீங்க" என்றாள் இந்திராணி. ஆமாம் தாயி என்றேன். செல் இடுப்பில் உறுத்தியது. அடிக்கவில்லை. தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. சண்டை கிடையாது, முகத்தைத் திருப்பிக்கொண்டதும் கிடையாது. எனக்குத்தான் சாமி இருக்கிறதே. இன்னிக்கு வெள்ளி அக்கா, இன்னிக்குக் கிருத்திகை, இன்னிக்குச் சங்கடகர சதுர்த்தி, மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கேன் அக்கா. அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏண்டி, ஒஞ்சாமிக்கு எந்தக் கிழமையிலதாண்டி வயிறு பசிக்கும்?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சொக்கு அப்பா மில்லில் இருந்து வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனாரே, அன்றைக்கு எங்கள் வீட்டு அடுப்பு எரியாதபோது ஊர்ப்பட்ட சனத்துக்கு இந்த வீட்டில்தான் உலை கொதித்தது. அத்தனை பேருக்கும் ஆக்கினாள். எனக்கு மட்டும் ஓட்டல் இட்லி. பொட்டலத்தைப் பிரித்து, அந்த இலையோடு என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். பார்த்துக்கொள், இவளுக்கு ஆக்கிப் போட என்ன தலையெழுத்து என்று கடையில் வாங்கிப் போட்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். தாலி அறுத்தவளுக்கு ஓட்டல் இட்லி. அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த சொக்கு என் வீட்டு வாசலில் காலைக் கழுவிவிட்டு, என்னைத் தாண்டி, இந்தத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், இதோ நான் தேய்க்கிறேனே இந்த இடம், இங்கேதான் அவள் மடியில் தலையை வைத்துப் படுத்தான். நான் கூடத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் மடி இருந்தது.

இப்போது கேட்கிறான், யோசிச்சுச் சொல்லும்மா என்று. போன வருசம் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஓசூரில் இருந்து ஒரு நாள் வந்தான், கம்பெனியில் லீவு இல்லை என்றான், ஆப்பிள் வாங்கி வைத்துவிட்டுப் போனான். அவளுக்கு மூச்சுத்திணறல் என்று இந்திராணி போன் போட்டதும் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ராத்திரி பஸ் பிடித்து வந்து நிற்கிறான். அவளுக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்த அறைக்குள் ஓர் ஆளைத்தான் விடுவார்கள். அந்த ஓர் ஆள் இவன். நான் கண்ணாடிக்கு வெளியே திருநீற்றுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் முகமூடியை விலக்கிவிட்டு எதையோ சொல்கிறாள், இவன் வேகமாகத் தலையை ஆட்டுகிறான். இப்படியும் அப்படியும் ஆட்டுகிறான். திரும்பக் கையைப் பிடித்துச் சொல்கிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது. என்னடா சொன்னாங்க என்று வெளியே வந்தவனைக் கேட்டேன். ஒண்ணுமில்லம்மா என்றான். அந்த ஒண்ணுமில்லைதான் இது. இதற்குத்தானா அக்கா, இவ்வளவு வருசமும் ஊட்டினாய். கடைசியில் நெருப்பு வைக்க ஓர் ஆம்பளைக் கை வேண்டும் என்று அன்றைக்கே கணக்குப் போட்டுத்தான் வாடா சொக்கு, வாடா சொக்கு என்று கூப்பிட்டாயா. தோசைக்குத் தோசை போட்டு என் பிள்ளையை எடுத்துக்கொண்டாயா. கை இருக்கட்டும், அவள் எடுத்துக்கொள்ளட்டும், என் ஆயுசையும் சேர்த்தா எடுத்துக்கொண்டு போவாள். முருகா, எனக்குச் சாகிற பயம் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது. இந்த வாளியைத் தூக்கும்போது மூச்சு வாங்குகிறதே, இது நேற்று வரைக்கும் வாங்கியதா.

அடுப்படியை நான் கழுவுறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். மதினி வெளியே முற்றத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கழுவ மட்டும் வரவில்லை, எனக்கே தெரியும். எங்கேயாவது இருக்கும். இவ்வளவு வருசம் மருந்து வைத்தவள் ஒரு வேர், ஒரு பொடி, ஒரு சீசா வைத்திருக்க மாட்டாளா. அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். கடுகு, சீரகம், வெந்தயம், எல்லாம் என் வீட்டில் உள்ளதுதான். பருப்பு டப்பா. சுக்கு. ஒரு டப்பாவில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பொரிகடலை, நமுத்துப்போனது. மேல் தட்டில் கையை விட்டேன், பின்னால் ஒரு சின்னப் பீங்கான் ஜாடி, வாயைத் துணி போட்டுக் கட்டியிருந்தது. கட்டை அவிழ்த்தேன். உள்ளே கறுப்பாக, உருண்டு சுருண்டு, பிசுபிசுவென்று. அந்த வெற்றிலையில் விழுந்ததே, அதே கறுப்பு. கிடைத்துவிட்டது என்று மனசு ஒரு துள்ளு துள்ளியது. சந்தோஷமா பயமா தெரியவில்லை, கோயிலில் தீபாராதனைக்குத் திரை விலகும்போது வருமே, அந்த மாதிரி. மோந்து பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. விரலால் தொட்டேன். தொட்ட விரலை என்ன நினைத்து நாக்கில் வைத்தேனோ, யார் வைக்கச் சொன்னார்களோ. உப்பு. கடும் உப்பு, அதற்கு உள்ளே புளிப்பு, அதற்கும் உள்ளே ஒரு கசப்பு. நாரத்தங்காய். எத்தனை வருசம் ஊறியதோ, கறுத்து, வெல்லப்பாகு மாதிரி ஆகிவிட்ட நாரத்தங்காய். வயிற்றுக்கு ஆகும் என்று வைத்திருக்கிறாள். வாயெல்லாம் ஊறிவிட்டது. காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாத வாய். உடனே திக்கென்றது. குளிக்கவில்லை, பிணம் எடுத்த வீடு, தீட்டு, அவள் வீட்டுப் பண்டம், இத்தனை வருசம் காத்துவைத்த நாக்கில் நானே எடுத்து வைத்துவிட்டேனே. இதில்தான் கலந்திருந்தால். துப்ப வேண்டும், எங்கே துப்புவது. விழுங்கிவிட்டேன்.

"வாயில என்ன சித்தி?" இந்திராணி நிற்கிறாள், கையில் துடைப்பத்தோடு. ஒண்ணுமில்ல தாயி என்றேன். அவள் ஜாடியைப் பார்த்தாள். "அதுவா. வயித்து வலின்னு எந்தப் புள்ள வந்தாலும் அம்மா அதுலதான் ஒரு துண்டு குடுக்கும். எடுத்துக்கங்க. பசிக்குதா சித்தி? கடையில இட்லி வாங்கிட்டு வரச் சொல்லவா?" எனக்கு எதற்குக் கடை இட்லி என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றே கேட்டிருப்பேன் போலிருக்கிறது. அவள் பயந்து போய், "இல்ல, அம்மா எப்பவும் சொல்லும். பஞ்சு நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டா, அவளைக் கஷ்டப்படுத்தக் கூடாது, அவளுக்குன்னா ஓட்டல்ல வாங்கிருன்னு" என்றாள். ஏன்னு சொல்லுச்சா. என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "சொல்லல. நானும் கேக்கல. வெரதம்னு நெனச்சேன்." அவள் கண்ணைப் பார்த்தேன். பொய் சொல்கிற கண் இல்லை. பொய் சொல்லாத கண்ணைத்தான் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும் என்று இருந்தது எனக்கு. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டத்தில் வந்தாள். "சித்தி, ஒண்ணு சொல்றேன். நீங்க வேணாம்னே சொல்லிருங்க. அம்மாவும் அதைத்தான் சொல்லுச்சு. ஆஸ்பத்திரியில சொக்குகிட்ட அத்தனை தடவ சொல்லுச்சு. நீ வைக்கக் கூடாதுடா, ஒன்னயப் பெத்தவ இருக்கா, அவ மனசு தாங்காது, என்னைய கேஸ் தகன மேடையில தள்ளி விட்டுருங்க, யாரும் வைக்க வேணாம்னு. அவன்தான் முடியாதுன்னு தலையாட்டிட்டான். அம்மாவுக்கு அவன்மேல கோவம்கூட."

நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை தெரியும், கிருத்திகை தெரியும், திருமங்கலம் தெரியும், நான் எதற்கு அவள் தட்டைத் தொடவில்லை என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் வாடி பஞ்சு என்றிருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் என் புருசன் செத்த அன்றைக்கு, அத்தனை பேருக்கும் உலை வைத்துவிட்டு, எனக்கு மட்டும் நான் பயப்படாமல் தின்னட்டும் என்று ஆள் விட்டு வாங்கியிருக்கிறாள். நான் அதை எப்படித் தின்றேன். என்ன நினைத்துக்கொண்டு தின்றேன். ஒருத்தியால் அப்படி இருக்க முடியுமா. என்னால் முடியாது, நான் பார்த்தவர்களில் யாராலும் முடியாது. அப்படியென்றால் அதற்குள்ளும் ஒன்று இருக்க வேண்டும். பாரேன், கடைசிக் காலத்தில் என் உரிமையை எனக்கே தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறாள், வேண்டாம் என்பதைக்கூட என்னை முந்திக்கொண்டு அவளே சொல்லிவிட்டாள். இனி நான் வேண்டாம் என்றால் அது என் வேண்டாமா, அவள் வேண்டாமா. என் பிள்ளை எனக்குத்தான் என்று நான் நின்றால், ஆமாம், அவள் விட்டுக்கொடுத்தாள், அதனால் இவளுக்குக் கிடைத்தது என்றாகிவிடும். வை என்றால், அப்போதும் அவள் உள்ளுக்குள் நினைத்தது நடந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் திரையை ஒதுக்கிக்கொண்டு அவள் நிற்கிறாள், வாடிம்மா என்று. இதை யோசித்துத்தான் சொன்னாளோ. மூச்சுக்கு முட்டிக்கொண்டு கிடந்தவள், இவ்வளவையும் யோசித்தா சொல்லியிருப்பாள். இல்லை. மூச்சு விட முடியாதவளுக்கு அவ்வளவு சூது வராது. அவளுக்கு அப்போது என் ஞாபகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் என் ஞாபகம். கண்ணாடிக்கு வெளியே நான் அவளைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றபோது. அவள் பார்த்தாளோ என்னவோ. சாமி, எனக்குத் தலை சுற்றுகிறது. செல் அடித்தது.

வெளியே வாசலுக்கு ஓடினேன், உள்ளே சரியாகக் கேட்காது. "அம்மா." சொல்லுடா. "எல்லாம் ஆச்சும்மா. வாய்க்கரிசி போட்டாச்சு. விறகுல வைக்கிறதா, கேஸ்ல தள்ளுறதான்னு கேக்குறாங்க. சவரம் பண்றவரு வந்து ஒக்காந்திருக்காரு. என்ன சொல்ற?" பின்னால் யாரோ சத்தம் போடுகிறார்கள், சங்கு ஊதுகிறது. முற்றத்தில் சீனியம்மா மதினி குனிந்தவாக்கில் அப்படியே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, இருக்கியா?" இருக்கேன். "நீ வேணாம்னா..." என்று இழுத்தான். இழுத்தவன் நிறுத்தினான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, கூட்டத்தை விட்டுத் தள்ளி வந்துவிட்டான் போல, சங்குச் சத்தம் தூரமாயிற்று, "அம்மா, வச்சா ஒனக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?" என்றான். யார்ரா சொன்னது என்றேன். "சீனியத்தை காலையில சொல்லுச்சு. நான் நம்பலைதான். நம்பலை. ஆனாலும் பயமா இருக்கும்மா. அதான் ஒன்னயக் கேட்டேன்." அதற்காகத்தான் கேட்டிருக்கிறான். அனுமதிக்காக இல்லை, டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு இல்லை. அந்த வண்டியில், அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இவ்வளவு நேரமும் என் உயிருக்குப் பயந்துகொண்டே போயிருக்கிறான். தலையில் நரை விழுந்துவிட்டது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அன்றைக்குத் திருமங்கலம் பஸ்ஸில் என் மேல் சாய்ந்துகொண்டு பேசிய குரலில் கேட்கிறான். எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. வாசற்படி ஈரமாக இருந்தது, அதிலேயே உட்கார்ந்தேன்.

"ஒண்ணும் ஆகாது. நான் கல்லு மாதிரி இருக்கேன். நீ வை" என்றேன். "கேட்டுச்சாடா? விறகுலயே வை. பதறாம வை. நெய் ஊத்துவாங்க, கையச் சுட்டுக்காதே." சரிம்மா, சரிம்மா என்றான். சொல்லிவிட்டேன், வாய் சொல்லிவிட்டது, இனி எடுக்க முடியாது, அடிவயிற்றில் அந்த ஜில் இருக்கத்தான் செய்கிறது. "வைக்கிறேன்மா" என்று போனை அணைக்கப் போனான். அப்போதுதான் அந்தச் சவரம் பண்ணுகிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது எடுத்தான், அதற்குப் பிறகு வளர்ந்த மீசை, அவன் அப்பா மீசை மாதிரியே இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாக. "டேய், இரு இரு. மீசைய எடுக்காத" என்று கத்தினேன். "எடுக்காம எப்பிடிம்மா, மொறைன்னு சொல்வாங்கள்ல." "மொறை இருக்கட்டும். கொள்ளி வைக்கச் சொன்னேன், வை. மீசையத் தொட விடாத, சொல்லிட்டேன். அது எனக்கு."

சொல்லிவிட்டு, அக்கா கேட்டிருப்பாளோ என்று வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன்.